சுவரில் எனக்கொரு கட்டம்



மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று யூனியன் செயலாளரிடம் பெயர் கொடுத்தபோது, "என்ன தலைப்புடா?" என்று கேட்டார். "ஒண்ணாங்கிளாஸ்" என்றேன். பக்கத்தில் நின்ற சிவில் பசங்க குபீரென்று சிரித்துவிட்டார்கள். "அதை ஏன்டா எழுதுறே? உன் அரியரைப் பத்தி எழுது, அதுதான் பெரிய தொடர்கதை" என்றான் ஒருவன்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. கணிதம் இரண்டாம் தாள் எனக்கு இன்னும் பாக்கி. ஆனால் அந்த அரியருக்கும் என் ஒண்ணாங்கிளாஸுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பொறுமையாகப் படித்தால் புரியும்.

நம்மில் பலருக்கு ஒண்ணாங்கிளாஸ் மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். டீச்சர் கட்டியிருந்த புடவை, மத்தியானச் சோற்று வாசம், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிய பென்சில்... அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்த ஒரு வருஷம் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. ஏனென்றால் பேசவும் எழுதவும் நான் இரண்டாவது தடவையாகக் கற்றுக்கொண்டது அந்த வருஷம்தான்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குத் தறி வேலை. அம்மா தார் சுற்றுவார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயசு வித்தியாசம். அக்காவைத்தான் இங்கிலீஷ் மீடியத்தில் போட முடியவில்லை, பையனையாவது போடுவோம் என்று கடன் வாங்கி என்னை ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தார்கள். டை, பெல்ட், ஷூ எல்லாம் உண்டு. தெருவே வேடிக்கை பார்க்க வேனில் ஏறிப் போவேன்.

யூ.கே.ஜி.யில் எனக்கு ஒரு வியாதி வந்தது. எழுத்தைத் திருப்பிப் போடுவேன். சின்ன 'பி' எழுதச் சொன்னால் சின்ன 'டி' எழுதுவேன். 3 என்ற எண்ணுக்கு வயிறு வலது பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? என் 3-க்கு இடது பக்கம் இருக்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம். மிஸ் முதலில் திட்டினார், அப்புறம் ஸ்கேலால் அடித்தார். கடைசியில் ஒருநாள் அந்த நோட்டை நூலில் கட்டி என் கழுத்தில் தொங்கவிட்டு, எல்.கே.ஜி. ரூமைச் சுற்றி வரச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டிச் சிரித்தன. நான் நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்துவிட்டேன்.

ஐந்து, ஆறு வயதில் இப்படித் திருப்பி எழுதுவது மிகச் சகஜம் என்றும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயசு வாக்கில் தானாகவே சரியாகிவிடும் என்றும் பின்னால் படித்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான். செருப்பைத் தலைகீழாகப் போட்டாலும் செருப்புத்தான். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிய பிள்ளையிடம், 'இந்த எழுத்தை மட்டும் திருப்பினால் வேறு எழுத்தாகிவிடும்' என்று புதுசாக ஒரு விதியைச் சொல்கிறோம். அது பிடிபடக் கொஞ்ச நாள் ஆகத்தானே செய்யும்?

ஆனால் அன்றைக்கு இதை யார் சொன்னார்கள்? அதற்குப் பிறகு யாராவது பென்சிலை நீட்டினால் போதும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதையும் நிறுத்திவிட்டேன்.

2013-ல் தறித் தொழில் படுத்துவிட்டது. ஃபீஸ் கட்ட வழியில்லை. ஜூன் மாதம் என்னை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு அம்மா அழுதார்கள். "சரி விடு, ரெண்டு வருஷம் போகட்டும், மறுபடி அங்கேயே போட்டுக்கலாம்" என்று அப்பா சமாதானம் சொன்னார்.

அந்த வகுப்பறையை முதலில் பார்த்தபோது, இது பள்ளிக்கூடம்தானா என்று எனக்கே சந்தேகம். பெஞ்சு கிடையாது. பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிலிருந்து நாலு வகுப்பு வரை ஒரே அறை. சுவரைச் சுற்றித் தரையிலிருந்து எங்கள் தலை உயரம் வரைக்கும் கரும்பலகை. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் ஒரு பிள்ளையின் பெயர். மேலே கம்பியில் பிள்ளைகள் வரைந்த படங்கள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. ஒரு பக்கம் தட்டுத் தட்டாக அட்டைகள். சுவரில் ஏணி மாதிரி ஒரு பெரிய படம். ஏணியில் நாம் எந்தப் படியில் நிற்கிறோமோ, அந்தப் படத்துக்கும் எண்ணுக்கும் உரிய அட்டையை நாமே போய் எடுத்துவர வேண்டும். அதை முடித்தால் அடுத்த படி. பாட்டு, கதை, பொம்மை, புதிர், விளையாட்டு என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வேலை.

இதற்குப் பெயர் செயல்வழிக் கற்றல் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆந்திராவில் மதனபள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி என்ற இடத்தில், சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக இந்த அட்டை முறையை உருவாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துச் சென்னை மாநகராட்சி 2003-ல் 13 பள்ளிகளில் தொடங்கியது. 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பிறந்து அரசுப் பள்ளியில் படித்த நம் ஆட்கள் பலர் இந்த ஏணியில் ஏறி வந்தவர்கள்தான். ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள், "ஆமாடா, அந்த முயல் அட்டை!" என்று யாராவது ஒருத்தன் கட்டாயம் சொல்வான்.

முதல் நாளே டீச்சர் ஒரு கட்டத்துக்கு மேல் என் பெயரை எழுதினார். கையில் சாக்பீஸைக் கொடுத்து, "இது உன் இடம். என்ன வேணாலும் போடு" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சாக்பீஸைக் கட்டத்துக்குக் கீழே தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவர் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

என் வாயைத் திறக்க வைத்தது ஒரு ரெண்டாங்கிளாஸ் அக்கா. பையில் எப்போதும் காராச்சேவு வைத்திருக்கும். அதனால் என் மனசில் அதன் பெயர் சேவு அக்கா. எண் அட்டைகளுக்காக வகுப்பில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருந்தது. அதில் ஒரு பிடி அள்ளிக் கையை மூடிக்கொண்டு, "ஒத்தையா ரெட்டையா?" என்று என்னிடம் கேட்டது. நான் பேசவில்லை. ஒரு விரலைக் காட்டினேன். விரித்தால் ரெட்டை. என் பங்கிலிருந்து ஒரு கொட்டை போயிற்று. மறுபடி கேட்டது. இரண்டு விரலைக் காட்டினேன். விரித்தால் ஒத்தை.

இப்படியே நாலைந்து நாள். கொட்டைகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, கடைசியில் ஒன்று தனியாக நின்றால் ஒத்தை, நிற்காவிட்டால் ரெட்டை என்று அந்த அக்காதான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் அது கையை மூடும்போது ஜோடி ஜோடியாக எடுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். விரலைக் காட்ட மறந்து, "ரெட்டை!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து வேலையைப் பார்த்தார். இன்றைக்கு நினைத்தாலும் அவர் அப்போது சும்மா இருந்ததற்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. "அட, பேசிட்டானே!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கை தட்டச் சொல்லியிருந்தால், நான் மறுபடி வாயை மூடியிருப்பேன்.

விளையாட்டு சூடு பிடித்ததும் சண்டை வந்தது. சேவு அக்கா கணக்கில் கள்ளாட்டம் ஆடும். நான் ஜெயித்தது மூன்று என்றால் அது இரண்டு என்று சாதிக்கும். எழுதி வைத்தால்தான் சரிப்படும் என்று ஆத்திரத்தில் தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்து என் கட்டத்தில் 3 போட்டேன். போட்ட பிறகுதான் பார்க்கிறேன், வயிறு இடது பக்கம்! டீச்சர் எனக்குப் பின்னாலேயே நிற்கிறார். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டீச்சர் என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "மூணு நல்லா வந்திருக்கே. ஆனா அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கு. இந்தப் பக்கம் திருப்பி உக்கார வைப்பமா?" என்றார். உள்ளங்கையால் அதை அழித்தார். அழித்த இடத்திலேயே நான் இன்னொன்று போட்டேன். அதுவும் அந்தப் பக்கமே பார்த்தது. மறுபடி அழித்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. டீச்சர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு தப்பு, அதை அழிக்க ஒரு கை, மறுபடி போட அதே இடம். நோட்டில் இருந்தால் சிவப்பு வட்டம் வருஷக் கடைசி வரைக்கும் இருந்திருக்கும். கரும்பலகையில் போன தப்பு போனதுதான்.

அந்த வருஷம் நான் கற்ற கணக்கெல்லாம் கொட்டையில்தான். பல்லாங்குழியில் பதினாலு குழி. எங்கள் ஊர் வழக்கப்படி குழிக்கு ஐந்து போட்டால் மொத்தம் எழுபது. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஏதாவது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று கொட்டையைத் தொடும் முன்பே மனசில் ஓட்டிப் பார்த்தால்தான் ஜெயிக்க முடியும். ஆறு வயசுப் பிள்ளை அதைச் செய்கிறது. அதையே 'மனக்கணக்கு' என்று சொல்லி எழுப்பி நிற்க வைத்தால், அதே பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

விளையாட்டில் தோற்றால் போவது ஒரு புளியங்கொட்டை. அதனால் பிள்ளை பயப்படாமல் இன்னொரு தடவை ஆடிப் பார்க்கிறது. ஒண்ணாங்கிளாஸில் விளையாட்டு எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான்.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1790-களில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். ஊருக்குத் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. மணலும் எழுதி அழிக்கிற பலகைதான். சேவு அக்கா எனக்குச் சொல்லித் தந்ததும் அந்தப் பழைய வழிதான்.

ஜெர்மனியில் ஃப்ரோபல் என்பவர் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கி, மரத்தில் செய்த உருண்டை, கனசதுரம், உருளை இவற்றைக் கையில் கொடுத்தார். முதலாமாண்டில் இஞ்சினியரிங் கிராபிக்ஸில் நம் உயிரை வாங்கின அதே உருளைதான்! மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் பிள்ளைகள் எழுத்தை எழுதுவதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அந்த எழுத்துகளை வெட்டியிருப்பது எதில் தெரியுமா? நம் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற உப்புத்தாளில்தான்.

அதற்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாமே தேனும் பாலுமாக ஓடியது என்று கதை விடமாட்டேன். அட்டைகள் கிழிந்துபோகும், பாதி தொலைந்தும் போகும். இருந்தது இரண்டே டீச்சர். ஒருவர் கூட்டம், பயிற்சி என்று போய்விட்டால் அன்றைக்கு ஏணி நின்ற இடத்திலேயே நிற்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் மளமளவென்று ஏறிவிட, ஒரே அட்டையை வாரக் கணக்கில் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அப்பாவுக்கும் சந்தேகம்தான். "எப்பப் பாத்தாலும் கொட்டையும் கல்லுமா இருக்கான், இவன் எங்க உருப்பட?" என்று டீச்சரிடமே கேட்டார். டீச்சர் என் கட்டத்தைக் காட்டி, "இதைப் படிச்சுப் பாருங்க" என்றார். அதில் நான் அப்பா பெயரை எழுதியிருந்தேன். அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை மறுபடி நர்சரிக்கு அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

விளையாடவிட்டால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. அது எங்கே தட்டுத் தடுமாறுகிறது என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் இருந்தார். அது என் அதிர்ஷ்டம்.

இந்தப் பாடத்தை ஒண்ணாங்கிளாஸில் கற்றவன், பாலிடெக்னிக் வந்ததும் மறந்துவிட்டேன்.

முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? எம்.எஸ். பிளாட்டை வைஸில் கட்டி, அரத்தால் ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போமே! கடைசி நேரத்தில் அவசரப்பட்டு நான் கூடுதலாக ராவிவிட்டேன். பீஸ் அண்டர்சைஸ். உலோகத்தை ராவினால் ராவினதுதான், மறுபடி ஒட்ட முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் துண்டைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, போன வருஷத்து அண்ணன் ஒருவர் செய்து வைத்திருந்த பீஸைக் காட்டி மார்க் வாங்கினேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் அதே வேலையைச் செய்தோம் என்று நமக்குத் தெரியும்! ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைப் பார்த்து எழுதுவதும், கணக்கு வகுப்பில் புரியாமலே தலையாட்டுவதும் அந்த ரகம்தான். என் அரியருக்குக் காரணமும் அதுவே. முதல் மாதத்திலேயே சந்தேகம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சிரிப்பார்களே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2025 மே மாதம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனேன். 12 மி.மீ. பின்களை வெர்னியரில் அளந்து பிரிக்கும் வேலை. நாற்பது பின் அளந்த பிறகுதான் தாடையை மூடிப் பார்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கவில்லை. 0.1 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. அப்படியானால் நான் 'சரி' என்று போட்டதில் எத்தனையோ பின் உண்மையில் சிறுத்தவை. அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பின் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ரூமுக்குப் போய்விட்டேன். மறுநாள் அசெம்பிளியில் பின்கள் லொடலொடவென்று ஆடின. சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. "தம்பி, நேத்தே சொல்லியிருந்தா நாற்பதை மறுபடி அளக்கிறது பத்து நிமிஷ வேலை. இப்போ பாருங்க, மாட்டினதை எல்லாம் கழட்டணும்" என்றார். நாலு பேர் மதியம் வரைக்கும் கழட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போனால், அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். யூ.கே.ஜி. முடித்துவிட்டான், ஜூனில் ஒண்ணாங்கிளாஸ். அக்கா கையில் ஸ்கேல். "மூணை ஒழுங்காப் போடுடா, எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். என் மருமகன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்!

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுப்படியில் அம்மா புளி தட்டி எடுத்த கொட்டை ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒரு பிடி அள்ளிவந்து தரையில் உட்கார்ந்தேன். "மருமகனே, ஒத்தையா ரெட்டையா?" அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒத்தை" என்றான் மெதுவாக. ஏழு கொட்டை இருந்தது. அவனுக்குச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பத்து நிமிஷத்தில் ஜெயித்த கணக்கைத் தரையில் சாக்பீஸால் அவனே எழுத ஆரம்பித்துவிட்டான். 3 வந்தது. வயிறு இடது பக்கம். சட்டென்று நிறுத்திவிட்டு அக்கா கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தான்.

"மூணு அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கு மாப்ள. இந்தப் பக்கம் திருப்பி உக்கார வைப்பமா?" என்று உள்ளங்கையால் அழித்தேன்.

அக்கா என்னையே பார்த்தது. "இப்படிப் பேச உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டது. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தில் தொங்கிய நோட்டு, நனைந்த டவுசர், சேவு அக்கா எல்லாம். பன்னிரண்டு வருஷமாக வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நீ கையைப் பின்னால கட்டிக்கிட்டே திரிவே. திமிருன்னு நெனச்சு அம்மா உன்னை அடிச்சிருக்கு. நானும் ரெண்டு போட்டிருக்கேன்" என்றது. ஸ்கேலை எடுத்து பீரோ மேலே வைத்தது.

மச்சானிடம் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பேசிப் பார்த்தேன். "ஃபீஸ் கட்டியாச்சு மாப்ள, இனி எப்படி?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் தாய்மாமன் சீராக ஒன்று செய்தேன். அவர்கள் வீட்டு நடு அறைச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். "வாடகை வீடு, ஓனர் என்ன சொல்வாரோ" என்று மச்சான் முனகினார். முனகிக்கொண்டே பிரஷ்ஷை வாங்கி மிச்சத்தை அவரே அடித்தார். மருமகன் பெயரை மேலே எழுதினேன். கீழே அவன் முதல் வேலையாக ஒரு லாரி வரைந்தான்.

கல்லூரி திறக்கும் முன் என் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போய்வந்தேன். டீச்சர் எப்போதோ மாறுதலாகிப் போய்விட்டார். எங்கள் ஏணியும் அட்டையும் இல்லை. கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். காலையிலேயே சாப்பாடும் உண்டு. தரையோரக் கரும்பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. என் கட்டத்தில் இப்போது வேறொரு பிள்ளையின் பெயர். கோணல்மாணலாக ஒரு 5 போட்டிருந்தது. அழித்து அழித்துப் போட்ட வெள்ளைத் தடம் சுற்றிலும் தெரிந்தது.

நண்பர்களே, நாளைக்கு நாம் நிற்கப் போகும் இடங்களில் தப்பு நடக்காமல் இருக்காது. அதை மறைத்து வைத்தால் அடுத்தவன் உட்கார்ந்து கழட்ட வேண்டிவரும். அதனால் நான் ஒரு சின்ன ஆரம்பம் செய்திருக்கிறேன். முதலாமாண்டில் பாக்கெட்டில் போட்டு ஒளித்த அந்த அண்டர்சைஸ் துண்டு என் பெட்டியிலேயே கிடந்தது. ஷாப் சாரிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் அனுமதியோடு ஃபிட்டிங் ஷாப் ஜன்னல் திட்டில் வைத்தேன். ஒரு சீட்டும் கட்டினேன்: '0.8 மி.மீ. குறைவு. கடைசியில் அவசரப்பட்டேன்.' இதை எழுதும்போது அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று துண்டுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் சீட்டு இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பிகள் எடுத்துப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படித்துவிட்டுத்தானே ராவப் போகிறார்கள்!

கணிதம் இரண்டாம் தாளுக்கும் இந்தத் தடவை ட்ரிபிள்-ஈ நண்பன் ஒருவனிடம் உட்கார்ந்து, கேவலமான சந்தேகத்தைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவனும் சிரிக்காமல் சொல்லித் தருகிறான். ரிசல்ட் வரட்டும், கேன்டீனில் டீ என் செலவு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை